கித்தாக் காட்டிலும் ஒரு போர்முனை

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யுத்தம் என்றதும் பிள்ளைகள் கண்முன் துப்பாக்கியும் விமானமும்தான் வருகின்றன. சண்டை போடாத ஊர்மக்களும் யுத்தத்தைச் சுமக்கிறார்கள் என்று விளங்க வைப்பது சிரமமான காரியம். ஆங்கிலேயர் அதை 'ஹோம் ஃப்ரண்ட்' என்பார்கள். வகுப்பில் நான் 'ஊர்முனை' என்கிறேன். குண்டுக்குப் பயந்து லண்டன் பிள்ளைகளை 1939-இல் கிராமங்களுக்கு ரயிலேற்றிய கதையைச் சொன்னால் வாய் திறந்து கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, "அப்போ நம்ம ஊர்ல ஒண்ணும் நடக்கலியா சார்?" என்கிறார்கள்.

ஏன் நடக்கவில்லை? நம் கித்தா மரத்தால் அமெரிக்க நகரங்களே ஆட்டம் கண்டன!

யுத்தத்துக்கு முன்பு உலகத்துக் கித்தாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மலாயாவில்தான் விளைந்தது. 8.12.1941-இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படையிடம் 15.2.1942-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அத்தனை பால்மரமும் அவர்கள் கைக்குப் போயிற்று. அமெரிக்காவில் டயருக்குப் பங்கீடு வந்தது. 1942 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட், வீட்டில் கிடக்கும் பழைய கித்தாச் சாமான்களைக் கொடுத்து உதவும்படி வானொலியில் மக்களைக் கேட்டுக்கொண்டார். பழைய டயர், தண்ணீர்க் குழாய், மழைக்கோட்டு என்று பெட்ரோல் நிலையங்களில் கொண்டுபோய்க் குவித்தார்கள். ராத்தலுக்கு ஒரு காசு விலை.

இங்கே கதை வேறு. அவ்வளவு கித்தாவும் ஜப்பானுக்குத் தேவைப்படவில்லை. வேறு நாட்டுக்கு விற்கவும் வழியில்லை. தொரைமார் ஓடிவிட்டார்கள். பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றது, சம்பளமும் நின்றது. சோற்றுக்குப் பெரும்பகுதி வெளிநாட்டு அரிசியையே நம்பியிருந்த நாடு இது. அரிசி வரத்து குறைந்ததும் மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளைக்கும் ஆயிற்று. வாழைமரம் அச்சடித்த பத்து வெள்ளி நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. கடிகாரத்தைக்கூட ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி, தோக்கியோ நேரமாக்கிவிட்டார்கள். (பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். "பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு சார்?" என்று உடனே கேட்பார்கள்.)

வேலையும் சோறும் இல்லாத அந்த லயங்களைத் தேடித்தான் 1943-இல் ஆள் எடுக்க வந்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டினார்கள். வராதவர்களைப் பிடித்தும் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து 70,000 பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை. 1943 அக்டோபரில் அது முடிவதற்குள் காலராவும் பசியும் அடியும் பல்லாயிரம் பேரைத் தின்றுவிட்டன. நம் சிரம்பான் ஸ்டேஷனைத் தொட்டுப் போகும் மேற்குக்கரைத் தண்டவாளம்தான் வடக்கே சயாமுக்கும் போகிறது. அதை வரைபடத்தில் பிள்ளைகளின் விரலாலேயே தடவிக் காட்டச் சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

சின்னப் பிள்ளைகளிடம் சாவைப் பேசலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பேசலாம் என்பதே என் கட்சி. பிணங்களை நான் வருணிப்பதில்லை. பெயரைப் பற்றிக் கேட்கிறேன். காஞ்சனபுரியில் கைதிச் சிப்பாய்களுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலான கல்லில் ஆள் பெயர் உண்டு. நம்மவர்களுக்கு அப்படி இல்லை. "ஏன் சார்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய பாடம் நடந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்ததையும், நம் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்ததையும், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்ததையும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் சயாமுக்குப் போனவர் பேச்சை எடுத்தால் அதே வீட்டில், "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்கிறோம்.

அன்று பத்து வயதானவருக்கு இன்று தொண்ணூறு தாண்டியிருக்கும். செண்டாயானில் கித்தாக் காடு நின்ற இடங்களில் புதுக் குடியிருப்புகள் வந்துவிட்டன. ஆகவே ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் பெயர், எந்தத் தோட்டம், திரும்பினாரா இல்லையா என்பதை எழுதி அனுப்புங்கள். பெயர் தெரியாவிட்டால் 'பாட்டியின் தகப்பனார்', 'தாத்தாவுக்கு அண்ணன்' என்று முறையை எழுதினாலும் போதும். எழுத வராத பெரியவர்கள் நேரில் வரலாம். பள்ளி விட்ட பிறகும் அரை மணி நேரம் வகுப்பில்தான் இருப்பேன்.