நூற்சுவை மீண்டவாறு

(பொழிவு)



நூல்களோடு வாழ்ந்தவர்க்கு வரும் நோய் ஒன்று உண்டு. நூலே தொடாதவர்க்கு அந்நோய் வாராது. பல்லாண்டு படித்துப் பழகியவர் ஒருநாள் நூலடுக்கின் முன் நிற்கிறார், ஒன்றை எடுக்கிறார், நாலு பக்கம் புரட்டுகிறார், வைத்துவிடுகிறார். இன்னொன்றை எடுக்கிறார், அதுவும் அவ்வாறே. எழுத்துத் தெரிகிறது, பொருள் விளங்குகிறது, சுவைதான் இல்லை. காய்ச்சற்காரன் வாய்க்குச் சோறு எப்படியோ, அப்படி. கேட்டால் வேலை மிகுதி என்பார். கண் மங்கிற்று என்பார். இக்காலத்தார்க்கு எழுதத் தெரியவில்லை என்பார். உண்மைக் கரணியம் அவர்க்கே தெரியாது. பிறரிடம் வாய்விட்டுச் சொல்லவும் நாணம். 'பெரிய படிப்பாளி' என்ற பெயரை ஊர் முன்பே கொடுத்துவிட்டதே!

இந்நோய் முற்றி வந்து, அதனின்று மீண்டு, மீண்ட வழியையும் ஒளியாமல் எழுதி வைத்தவர் ஒருவர் உளர். அவர் ஆங்கில மெய்யியலறிஞர் சான் சுடூவர்ட்டு மில். அவர் மறைந்த 1873ஆம் ஆண்டிலேயே வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில், ஓர் இயலின் பெரும்பகுதி இச்செய்தியைப் பற்றியதே.

மில் 1806இல் இலண்டனிற் பிறந்தவர். தந்தை சேம்சு மில் மகனைப் பள்ளிக்கு விடாமல் தாமே பயிற்றினார். மூன்றாம் அகவையிற் கிரேக்கம். எட்டாம் அகவையில் இலத்தீனம். தந்தை ஒருபுறம் அமர்ந்து எழுத, அதே பலகையின் மறுபுறம் மகன் பாடம் படிப்பான். கிரேக்கச் சொற்கு ஆங்கிலப் பொருள் கூறும் அகரமுதலி கிட்டாத காலம் அது. ஆகவே, தெரியாத சொல் வரும்போதெல்லாம் தந்தையைத்தான் கேட்கவேண்டும். பொறுமை குறைந்த அம்மனிதரும் எழுதுவதை நிறுத்தி ஒவ்வொன்றற்கும் விடையிறுத்தார். அப்பொழுது அவர் எழுதிக்கொண்டிருந்தது எது தெரியுமா? இந்தியாவின் வரலாறு! 1817இல் மூன்று பெருமடலங்களாக வெளிவந்த அந்நூலின் ஆசிரியர் இந்நிலத்தில் ஒருநாளும் அடிவைத்தவரல்லர். இந்நாட்டு மொழி ஒன்றேனும் அறிந்தவரல்லர். அவ்வறியாமை நடுநிலைக்கு நல்லதே என்று முன்னுரையில் வழக்காடவும் செய்தார். அது வேறு செய்தி, மகனிடம் திரும்புவோம்.

காலையுணவிற்கு முன் தந்தையோடு உலாவச் செல்வதும், முந்திய நாள் படித்தவற்றைச் சிறு தாள்நறுக்குகளிற் குறித்துவைத்துக்கொண்டு வழிநெடுக ஒப்பிப்பதும் பையனின் வழக்கம். இதைக் கொடுமை என்று கருதிவிடலாகாது. வரலாற்று நூல்கள்மேல் அவனுக்கு மெய்யாகவே வேட்கை இருந்தது. இராபின்சன் குரூசோவின் கதை அவன் சிறுவனாயிருந்த காலமெல்லாம் அவனை மகிழ்வித்தது. படிப்பின் ஊற்று அங்கே வற்றாமல்தான் இருந்தது.

பதினைந்தாம் அகவையில் மில் பெந்தாம் என்னும் சட்டவறிஞரின் கொள்கையை ஒரு பிரெஞ்சு நூல்வழிக் கற்றார். பெரும்பான்மையோர்க்குப் பெருநலம் விளைப்பதே அறம் என்பது பெந்தாமின் கொள்கை. அந்நூலின் கடைசி மடலத்தைக் கீழே வைத்தபோது மில் வேறோர் ஆளாகியிருந்தார். அன்று முதல் அவர்க்கு வாழ்க்கை நோக்கம் ஒன்றே: உலகைத் திருத்துவது. 1823இல், பதினேழாம் அகவையில், தந்தை வேலை பார்த்த கிழக்கிந்தியக் குழுமத்தின் இலண்டன் அலுவலகத்தில் அமர்ந்தார். பகலெல்லாம் இந்தியாவிற்குப் போகும் மடல்களை வரைவது. எஞ்சிய நேரமெல்லாம் இயக்க வேலை. இதழ்களிற் கட்டுரை, மன்றங்களிற் சொற்போர், பெந்தாமின் கையெழுத்துப் படிகளை ஒழுங்கு செய்து ஐந்து மடலங்களாகப் பதிப்பிக்கும் பணி. அவ்வியக்கத்தார் பாட்டை வெறுத்தாரல்லர், பொருட்படுத்தினாருமல்லர். உணர்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே அவர்கட்கு ஓர் ஏளனம். நூலென்பது அவர்கட்குப் படைக்கொட்டில். உள்ளே போய் வேண்டிய கருவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடவேண்டும்.

1826ஆம் ஆண்டு இலையுதிர்காலம். மில்லிற்கு அகவை இருபது. ஒருநாள் மனம் மந்தமாயிருந்தபோது தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொண்டார். தாம் விரும்பும் திருத்தங்கள் அனைத்தும் இந்நொடியே நிறைவேறிவிட்டதாக வைத்துக்கொண்டால், தமக்கு அது பெருமகிழ்ச்சியாயிருக்குமா? இல்லை என்று உள்ளம் விடை சொல்லிற்று. அவ்வளவுதான். அடித்தளமே சரிந்தது.

உறங்கி எழுந்தால் சரியாகும் என்று எண்ணினார், ஆகவில்லை. வழக்கமாக ஊக்கந்தரும் தம் விருப்ப நூல்களை, பழம்பெருமக்களின் உயர்செயல்களைக் கூறும் நூல்களை எடுத்துப் படித்தார். அவை வெறுமையாயிருந்தன. முன்பு நெஞ்சை எழுப்பிய அதே பக்கங்கள் இப்பொழுது வெறும் பக்கங்கள். யாரிடம் சொல்வது? நோயுற்ற மகன் முதலில் நாடவேண்டியவர் தந்தை. மில்லோ அவரைக் கடைசி ஆளாகக்கூட நாடவில்லை. தந்தையின் பயிற்சி முழுதும் இப்படி முடிந்தது என்று சொல்லி அவரை நோகச் செய்து என்ன பயன் என்று அடக்கிக்கொண்டார். ஆனால் அலுவல் நிற்கவில்லை, சொற்போரும் நிற்கவில்லை. பழகிய செக்குமாடு போலச் சுற்றிவந்தார். நான்காண்டுகள் இடைவிடாது அவர் பேசிய அம்மன்றத்தில், இவ்வோராண்டுப் பேச்சு மட்டும் பின்னாளில் அவர் நினைவில் ஏறத்தாழ இல்லவேயில்லை. இவ்வாறே ஓராண்டிற்கு மேல் வாழவியலாது என்றும் எண்ணினார்.

நோயின் வேர் எதுவென அவரே ஆய்ந்தார். எதையும் பகுத்துப் பகுத்துப் பார்க்கும் பழக்கம் தம்மிடம் மிகுதியாக வளர்க்கப்பட்டது. அதற்கு ஈடாக உணர்வு வளர்க்கப்படவில்லை. பகுத்தறியும் பழக்கம் பொய்யைத் தின்னும். வேறு உணவு வையாவிட்டால் பற்றையும் தின்றுவிடும். இதற்காக அவர் பகுத்தறிவைப் பழித்தாரல்லர் என்பதை இங்குக் கூடியுள்ளோர் குறித்துக்கொள்ளவேண்டும். கடைசிவரை அவர் பகுத்தறிவாளரே. அதனோடு இன்னொன்றும் வேண்டும் என்பதே அவர் கண்டது.

இயக்கத் தொண்டர்க்கு இவ்விடம் சுடும். மேடைக்கு மேற்கோள் தேடிப் படிப்பது, மறுப்பெழுதச் சான்று தேடிப் படிப்பது, அயற்சொல் எங்கே புகுந்ததெனக் களையெடுக்கப் படிப்பது ஆகிய இவையெல்லாம் வேண்டிய படிப்புகளே. இவற்றைச் செய்யாத இயக்கம் வாயடைத்து நிற்கும். ஆனால், குறுந்தொகையை எடுத்தவர் பழந்தமிழர் நாகரிகத்திற்குச் சான்று எத்தனை கிடைத்தது என்று மட்டும் எண்ணி மூடுவாராயின், தலைவனைப் பிரிந்து விழித்திருக்கும் அப்பெண் அவரிடம் ஒரு சொல்லும் பேசமாட்டாள். அவள் பாடியது வழக்குமன்றத்திற்கன்று. அப்படியே பத்தாண்டு படித்தவர் ஒருநாள் நூலைத் திறந்தால் அங்கே சான்றுகள் இருக்கும், பாட்டு இராது. இதைச் சொல்வதற்கு நாணவேண்டியதில்லை. சொல்லாதவர் பலர் என்பதே உண்மை.

மில் மீண்டது எவ்வாறு? முயன்றன்று; தற்செயலாக. அரையாண்டு கழிந்திருக்கும். மார்மாந்தெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். தந்தை இறக்கிறார், குடும்பம் கலங்கி நிற்கிறது, சிறுவனாகிய மார்மாந்தெல், இழந்த அனைத்துமாக இனித் தானே இருப்பதாக அவர்களைத் தேற்றுகிறான். அவ்விடத்தில் மில்லின் கண்கள் நீர் சொரிந்தன. அந்நொடி முதல் சுமை தளர்ந்தது. தம்முள் உணர்வு செத்துவிடவில்லை, தாம் கல்லுமல்லர் கட்டையுமல்லர் என்பது தெரிந்துவிட்டதே! தந்தையின் இறப்பைப் படித்து மகன் அழுததற்கு உளநூலார் ஆழ்ந்த வேறு பொருளும் கூறுவர். கூறட்டும். கொள்கைக்கு எள்ளளவும் உதவாத ஒரு நூலே அவரை அழவைத்தது என்பது இங்குப் போதும். சிறுகச் சிறுகக் கதிரொளியிலும், நூலிலும், பேச்சிலும் இன்பம் திரும்பிற்று. நோய் பின்னும் சிலமுறை தலைகாட்டியது. ஆனால் முன்போல் அவரை வீழ்த்தவில்லை.

இன்னொரு படி எஞ்சியிருந்தது. துன்பம் மிக்கிருந்த காலத்தே பைரனின் பாடல்களை முழுதும் படித்துப் பார்த்திருந்தார். பைரனின் உள்ளமும் அவருள்ளம் போலவே கசந்திருந்தமையால் அது மருந்தாகவில்லை. 1828ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வேர்ட்சுவொர்த்தின் சிறுபாடல்கள் அடங்கிய இருமடலத் தொகுப்பை எடுத்தார். எடுத்தது பெருநம்பிக்கையோடு அன்று. அதே பாவலரின் நெடும்பாட்டு ஒன்றை ஈராண்டு மூவாண்டுகட்கு முன் படித்து, அதில் தமக்கு ஒன்றுமில்லை என்று வைத்தவர் அவர். இப்பொழுதோ அத்தொகுப்பு உள்ளே இறங்கிற்று. பதினான்காம் அகவையிற் பிரெஞ்சு நாட்டிற்குச் சென்று பிரனீசு மலைகளைக் கண்ட நாள் முதல் மலைகள்மேல் அவர்க்கு நீங்காக் காதல். வேர்ட்சுவொர்த்தின் பாடல்களிலும் மலைகளே நிறைந்திருந்தன. ஆயினும் மலைக்காட்சி மட்டும் மருந்தன்று என்று அவரே தெளிவாக்குகிறார். வெறுங்காட்சி வேண்டின் மலையையே போய்ப் பார்த்துவிடலாமே! காட்சி கிளர்த்திய உணர்வும், அவ்வுணர்வு தோய்ந்த எண்ணமும் அப்பாடல்களில் இருந்தன. போராட்டமும் குறையும் அற்றுப்போன பின்னும் மாந்தர் எல்லார்க்கும் பொதுவாக நிற்கக்கூடிய இன்பம் ஒன்று உண்டென்று அவை காட்டின. அவர் தம்மைக் கேட்டுக்கொண்ட கொடுவினாவிற்கு விடையே அதுதான். இளமையின் முதற்களிப்பு தேய்ந்துபோனதையும் அதற்கு ஈடாக வேறொன்று கிட்டியதையும் அப்பாவலரும் பாடியிருந்தார். வேர்ட்சுவொர்த்தினும் பெரிய பாவலர் உளர் என்பதை மில் மறுக்கவில்லை. ஆனால் அன்று அவர்க்கு வேண்டியது அதுவாயிருந்தது. பெரிய நூல் வேறு; உரிய வேளையில் உரிய நூல் வேறு. சுவையற்ற காலத்தில் ஒரு நூலின்மேல் எழுதிய தீர்ப்பு செல்லாது என்பதற்கும் இதைவிட நல்ல சான்று கிடைப்பதரிது.

எல்லாரும் மீண்டாரல்லர். மில்லிற்கு மூன்றாண்டு இளையவர் சார்லசு தார்வின். இளமையில் பள்ளியின் தடித்த சுவர்ச் சாளரத்தில் அமர்ந்து சேக்சுபியரின் வரலாற்று நாடகங்களை நாழிகைக் கணக்கிற் படித்தவர். கப்பலிற் சென்ற ஐந்தாண்டுச் செலவில் கரையிறங்கிப் போகும்போதெல்லாம், ஒரே ஒரு நூல்தான் எடுத்துச் செல்லலாமென்றால், மில்டனின் பெரும்பாட்டையே எடுத்துச் சென்றவர். அறுபத்தேழாம் அகவையில், 1876இல், தம் மக்கட்காகத் தன்வரலாறு எழுதியபோது, பாட்டு ஓரடியும் தம்மாற் படிக்கவியலவில்லை என்றும், சேக்சுபியர் குமட்டுகிறார் என்றும் வருந்தி எழுதினார். செய்திக்குவியலிலிருந்து பொதுவிதிகளை அரைத்தெடுக்கும் பொறியாகத் தம் மூளை ஆகிவிட்டதாக அவர்க்குத் தோன்றிற்று. மறுபடி வாழ நேரின் வாரம் ஒருமுறையேனும் சிறிது பாட்டுப் படிப்பதையும் இசை கேட்பதையும் நெறியாகக் கொள்வேன் என்றும் குறித்தார். புதினங்கள் மட்டும் அவரைக் கைவிடவில்லை. வீட்டார் நாள்தோறும் படித்துக்காட்ட, மகிழ்ச்சியாக முடியும் கதைகளை விரும்பிக் கேட்டார். படிப்பாளிகள் சிலர் இதைச் சொல்லி நகைப்பதுண்டு. நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. எஞ்சியிருந்த ஒரு வாயிலை அம்முதியவர் அடைக்காமல் வைத்திருந்தார்.

மில்லின் நண்பர்கட்கு அவருடைய மாற்றம் உவக்கவில்லை. அவர்களுள் ஒருவரான உரோபக்கு, வேர்ட்சுவொர்த்து பாடியவை பூவும் பட்டாம்பூச்சியும் தவிர வேறல்ல என்றார். அவர் பைரன் பக்கம். 1829இல் இருவரும் மன்றத்திலேயே இதுபற்றி மோதினர். பழைய தோழமை தளர்ந்தது. வேர்ட்சுவொர்த்தும் அதற்குள் அரசியலில் பழமைக் கட்சியைச் சேர்ந்துவிட்டிருந்தார். மில் அடியோடு எதிர்த்த கட்சி அது. ஆயினும் 1831ஆம் ஆண்டுக் கோடையில், குழுமத்தின் விடுமுறை கிடைத்தபோது, மில் வடக்கே ஏரிநாட்டிற்குப் போய், மலைகளிடையே நடந்து, அம்முதிய பாவலரை அவர் இல்லத்திலேயே கண்டு உரையாடி வந்தார்.