வலப்பக்க இருக்கை

பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே,

நம் முதலமடையின் மாங்காய் வளைகுடாவுக்குப் பறக்கிறது. அங்கே உழைத்து உங்களைப் படிக்கவைத்த அப்பாக்களும் மாமாக்களும் பறந்துதான் ஊர் திரும்புகிறார்கள். ஆகவே கரிப்பூர் விமான நிலையத்தில் நடந்த விபத்தைப் பற்றி இங்கே பேச வேண்டும்.

2020 ஆகஸ்ட் 7. கொரோனாக் காலத்தில் துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். இரவு, மழை, பின்னாலிருந்து தள்ளும் காற்று. முதல் முயற்சியில் இறங்க முடியவில்லை. இரண்டாவதில், 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. மேட்டின்மேல் அமைந்த ஓடுபாதை அது. விமானம் அதன் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

'கோ அரவுண்ட்' என்று துணை விமானி சொல்லியிருந்தார் என்கிறது விசாரணை அறிக்கை. மேலேறி மறுபடி சுற்றி வருவோம் என்று பொருள். விமானம் மேலேறவில்லை. 2010இல் 158 பேரைப் பறித்த மங்களூர் விபத்திலும் துணை விமானி அதையேதான் சொன்னார்.

மனிதனை விலக்கி இயந்திரத்திடமே கொடுத்துவிடலாம் என்பார்கள். கொடுத்துப் பார்த்தாயிற்று. போயிங் 737 மேக்ஸில் ஒரே ஓர் உணர்கருவி தவறாகக் காட்டியதை நம்பி, மென்பொருள் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பத் தாழ்த்தியது. இந்தோனேசியாவிலும் எத்தியோப்பியாவிலும் 346 உயிர்கள் போயின. அன்றைய அந்த மென்பொருளுக்குச் சந்தேகப்படத் தெரிந்திருக்கவில்லை. பக்கத்தில் யாராவது கத்தினாலும் கேட்டிருக்காது. கரிப்பூரில் கேட்கக்கூடிய காது இருந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மனிதர்களால் முடிந்ததும் உண்டு. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தின் ஹைட்ராலிக் அமைப்பு பழுதானது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானத்தில் வட்டமிட்டு, எரிபொருளைக் குறைத்து, பத்திரமாக இறக்கினார்கள் இரு விமானிகள்.

நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் முதலில் கிடைப்பது துணை விமானி அமரும் வலப்பக்க இருக்கைதான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லித்தான் உங்களை வளர்த்தோம். விமானத்துறையில் வேறு வழக்கம். இருமுறை எச்சரித்தும் பதில் வரவில்லையென்றால், இளையவர் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அனுமதி கேட்கத் தேவையில்லை. பெற்றோர்களே, இதை நம் வீட்டிலும் அனுமதியுங்கள். இன்றிரவே ஏதாவது ஒன்றில் பிள்ளை உங்களை மறுத்துப் பேசினால், முழுக்கக் கேளுங்கள்.