புதிய மருந்தும் பொதுப் பணமும்: நிணநீர்ப் புற்றுநோய்ச் சோதனைகள் தரும் பாடம்

மருத்துவத்தில் புதியன எல்லாம் சிறந்தன அல்ல. விலை மிகுந்தன எல்லாம் பயன் மிகுந்தனவும் அல்ல. முறையான ஒப்பீட்டுச் சோதனையே இரண்டையும் பிரித்துக் காட்டும். பெரிய பி செல் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயின் சிகிச்சை வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இந்நோய் விரைந்து பரவும் இயல்புடையது. எனினும் குணப்படுத்தக் கூடியது. சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோன் ஆகிய நான்கு மருந்துகள் சேர்ந்த ‘சாப்’ முறை 1970களில் வழக்கிற்கு வந்தது. பின்னர், மருந்துகளின் எண்ணிக்கையைப் பெருக்கி, வட அமெரிக்காவில் மேலும் கடுமையான மூன்று முறைகள் வகுக்கப்பட்டன. அவையே மேலானவை என்று பலரும் நம்பினர். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நான்கு முறைகளையும் ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனையின் முடிவு 1993இல் வெளியாயிற்று. உயிர் பிழைத்தோர் விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. மருந்தின் நச்சால் மாண்டோர் சாப் முறையில் 100க்கு ஒருவர். ஏனையவற்றில் 3 முதல் 6 பேர்.

முன்னேற்றம் வேறொரு வழியில் வந்தது. ரிட்டுக்ஸிமாப் என்பது பி செல்களின் மேற்பரப்பிலுள்ள சிடி20 என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள். அவ்வாறு பற்றப்பட்ட செல்லை உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தாக்கி அழிக்கிறது. பிரெஞ்சு மருத்துவர்கள் முன்னின்று நடத்திய சோதனையில், 60 முதல் 80 வயது வரையிலான 399 நோயாளிகளுள் ஒரு பிரிவினர் சாப் மட்டும் பெற்றனர்; மற்றவர்கள் ரிட்டுக்ஸிமாபும் சேர்த்துப் பெற்றனர். 2002இல் வெளியான முடிவின்படி, ஈராண்டிற்குப் பின் முதற்பிரிவில் 57 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 70 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். நச்சு விளைவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின்னும் இவ்வேறுபாடு நிலைத்தது: 28 விழுக்காடும் 44 விழுக்காடும்.

ரிட்டுக்ஸிமாபைவிட ஆற்றல் மிக்கதாகக் கருதப்பட்ட ஒபினுட்டுசுமாப், 1,418 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. 2017இல் வெளியான அம்முடிவில் கூடுதல் பயன் காணப்படவில்லை.

திட்டமிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டியது இதுவே. நூறு பேருக்கு ரிட்டுக்ஸிமாபைச் சேர்த்து அளித்தால், ஈராண்டு முடிவில் ஏறத்தாழ 13 பேர் கூடுதலாக வாழ்வர் என்று கணக்கிட முடிகிறது. அத்தகைய கணக்கின்றிப் பொதுப் பணத்தைச் செலவிடுவது முறையன்று. கணக்குத் தெளிவான பின்னர்த் தயங்குவதும் முறையன்று. 2007இல் இந்திய நிறுவனம் ஒன்று இதையொத்த மருந்தை உள்நாட்டிலேயே தயாரித்துக் குறைந்த விலையில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் ரிட்டுக்ஸிமாபை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

ஆயினும், மருந்தை வாங்கி வைத்தல் மட்டும் போதாது. சிடி20 உள்ளதா என்று காட்டும் திசுப் பரிசோதனையும், மருந்து செலுத்துமுன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையும் தேவை. மூன்று வாரத்திற்கு ஒருமுறையாக எட்டுச் சுற்றுகள் பெற்றோரிடமே மேற்கண்ட பயன் அளந்தறியப்பட்டது. கூலி இழந்து, தொலைவிலிருந்து வந்து, இரண்டாம் சுற்றோடு நின்றுவிடும் நோயாளிக்கு அப்பயன் முழுமையாகக் கிட்டாது. அவர் இறுதிச் சுற்றுவரை வந்து செல்ல வழிசெய்வதும் மருத்துவச் செலவின் ஒரு பகுதியே.