ஏலமலையும் வானத்துக் கண்ணும்



போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே போடிமெட்டு ஏறினால் ஏலத் தோட்டங்கள் தொடங்கும். நிழலையும் ஈரத்தையும் நம்பி வாழும் செடி ஏலம். மழை பொய்த்தால் தோட்டக்காரரின் கணக்கும் கூலியாளின் உலையும் ஒருசேரப் பொய்க்கும். அம்மழைமேகத்தை நோக்கும் கண் இன்று ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது.

அவ்வுயரத்தை இந்தியா எளிதில் எட்டவில்லை. 1975இல் ஆரியபட்டாவைச் சோவியத் ராக்கெட்டே சுமந்தது. 1979இல் ஸ்ரீஹரிகோட்டாவில் எழுந்த எஸ்.எல்.வி.-3 கடலில் வீழ்ந்தது. மறு ஆண்டு சூலை 18இல் அதே வகை ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. கிரையோஜெனிக் எஞ்சின் நுட்பத்தை ரஷ்யா வழங்கவிருந்தது. அமெரிக்காவின் நெருக்குதலால் 1993இல் அது கைவிட்டுப் போயிற்று. நம்மவர் தாமே முயன்றனர். 2010இல் தோற்றனர், 2014 சனவரி 5இல் வென்றனர். அவ்வெஞ்சின்கள் சோதிக்கப்பட்ட மகேந்திரகிரி, ஏலமலை அமைந்த அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியே. 2016 செப்டம்பர் 8இல் இன்சாட்-3டிஆர் என்னும் 2,211 கிலோ வானிலைச் செயற்கைக்கோள் அத்தகைய எஞ்சினின் வலிமையால் விண்ணேறியது.

ஆயினும் 2018 மார்ச் 11இல் போடியை அடுத்த குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் 20 பேருக்கு மேல் மாண்டனர். வானத்துக் கண் காண்பது, சரிவில் நிற்கும் மனிதரின் செவிக்கு உரிய வேளையில் எட்ட வேண்டும். விண்ணில் அத்தனை தொலைவு கடந்த நாடு, போடிக்கும் மலைக் குடியிருப்புக்கும் இடைப்பட்ட சில கல் தொலைவையும் கடந்தாக வேண்டும்.