பழைய பூல் க்யூவுக்கு என்ன விலை?

வீட்டில் கிடக்கும் பழைய பொருட்களை ஆன்லைனில் விற்பது பற்றிப் பேசிக்கிட்டு வர்றோம். இன்றைக்குப் பேசப்போறது பூல் க்யூ, அதாவது பூல் டேபிளில் பந்தை அடிக்கிற கோல். "அந்தக் குச்சிக்கு அப்படி என்ன விலை வந்துடப்போகுது"ன்னு நினைப்பீங்க. சில குச்சிகள் ஒரு காரின் விலைக்குப் போகுது. பக்கத்திலேயே வச்சுப் பார்த்தால் அதே மாதிரி இருக்கிற இன்னொன்று நூறு டாலருக்குக்கூட போகாது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருதுங்கிறதுதான் இன்றைய பேச்சு.

நான் நியூஜெர்சியில் ஒரு பூல் லீக்கில் ஆடுறேன். எங்க டீமில் இருந்த பெரியவர் ஒருத்தர் இறந்த பிறகு, அவர் மனைவி அவருடைய க்யூவை என்கிட்ட கொடுத்து வித்துத் தரச் சொன்னாங்க. வீட்டுக் கூரையை மாத்தணும், அதுக்குப் பணம் வேணும். ஒரு கடைக்காரர் 250 டாலர் தர்றேன்னு ஏற்கனவே சொல்லியிருந்தார். ஆனா மகன் விடலை. "அப்பா இதை எப்பவும் பலபுஷ்கான்னுதான் சொல்வார்" என்றார். அது உண்மையா இருந்தால் பேச்சு பத்தாயிரம் டாலருக்கு மேலே. இல்லைன்னா சில நூறு.

பலபுஷ்கா யாருன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஜார்ஜ் பலபுஷ்கா ரஷ்யாவில் பிறந்து, சின்ன வயசிலேயே அமெரிக்கா வந்தவர். மரவேலைக்காரர். 1959 வாக்கில் நியூயார்க் புரூக்ளினில் க்யூ செய்ய ஆரம்பிச்சு, 1975-ல் இறக்கும்வரை செய்தார். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் க்யூதான் இருக்கும்னு சேகரிப்பவர்கள் கணக்கு சொல்றாங்க. 1986-ல் மார்ட்டின் ஸ்கார்சேசியின் 'தி கலர் ஆஃப் மணி' படம் வந்தது. அதில் பால் நியூமன், டாம் குரூஸுக்கு ஒரு பலபுஷ்கா கொடுப்பார். அதோட ஆட்டம் ஆடாதவங்களுக்கும் அந்தப் பேர் தெரிஞ்சுபோச்சு. வேடிக்கை என்னன்னா, படத்தில் வந்த க்யூ பலபுஷ்காவே இல்லை. ஜாஸ் என்ற வேறொரு கம்பெனியின் க்யூ அது. படம் வந்த பிறகு போலிகளும் பெருகின.

இப்ப இந்த க்யூவுக்கு வருவோம். பிரன்ஸ்விக் கம்பெனி ஒரு காலத்தில் டைட்லிஸ்ட் என்று ஒரு வகை க்யூ செய்தது. பூல் கூடங்களில் சுவரோரம் அடுக்கி வைக்கிற ஒரே துண்டுக் குச்சி. முன்பக்க மேப்பிள் மரமும் பின்பக்க ரோஸ்வுட்டும் விரல்களைக் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒட்டியிருக்கும். அந்த இணைப்பு ரொம்ப உறுதி. அதனாலேயே பிற்காலத்து நல்ல கைவினைஞர்கள் பலர் இந்தக் குச்சிகளை வாங்கி, நடுவில் வெட்டி, திருகு இணைப்புப் போட்டு, ரெண்டு துண்டு க்யூவாக மாத்தினாங்க. சிகாகோவின் ஹெர்மன் ராம்போ செய்தார், பலபுஷ்காவும் செய்தார். ஊர்ப்பேர் தெரியாத எத்தனையோ பட்டறைக்காரர்களும் செய்தாங்க. எங்க பெரியவரின் க்யூ அப்படி மாற்றப்பட்ட டைட்லிஸ்ட்தான். கையெழுத்து கிடையாது. வெட்டினது யார் என்பதில்தான் முழு விலையும் அடங்கியிருக்கு.

ஜாயிண்ட் துருப்பிடிக்காத எஃகு. திருகு 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. மகன் இதைத்தான் பெரிய ஆதாரமாகக் காட்டினார். பலபுஷ்கா பயன்படுத்தினது இதே திருகுதான், உண்மை. ஆனா அந்தக் காலத்தில் பாதிப்பேர் அதையே போட்டாங்க. பிடியில் ஐரிஷ் லினன் நூல் சுத்தியிருந்தது. அதுவும் அப்படித்தான், எல்லாரும் சுத்தினாங்க. (அந்த நூல் முதலில் தூண்டில் நூலாக வந்ததுங்கிறது தனிக்கதை.) நாற்பது வருஷமா பழைய க்யூ பழுது பார்க்கும் ஒருவருக்குப் படங்கள் அனுப்பினேன். அப்புறம் நேரிலும் கொண்டுபோய்க் காட்டினேன். ஜாயிண்ட் பக்கத்து வளையத்தையும் அடிமூடியையும் பார்த்துட்டு, "நல்ல கை. ஆனா அவர் கை இல்லை" என்றார். யார் கைன்னு அவராலும் சொல்ல முடியலை.

மகனுக்கு ஏமாற்றம். "குடும்பத்தில் பலபுஷ்கா என்று சொல்வார்கள்னு மட்டும் போடலாமே, அது பொய் இல்லையே" என்றார். நான் ஒத்துக்கலை. வாங்குறவங்க அந்த வரியைத் தினமும் பார்க்கிறாங்க. அதைப் படிச்சதும் விவரம் தெரிஞ்சவன் விலகிடுவான், விவரம் தெரியாதவன் மட்டும் மிஞ்சுவான். அவன் பெரிய விலை கொடுத்து வாங்கி, யார்கிட்டயாவது காட்டி, ரெண்டு வாரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்பான். அப்ப கூரைக்குக் கொடுத்த பணத்தை அந்தம்மா எங்கிருந்து எடுத்துக் கொடுப்பாங்க? அதனால் தலைப்பில் 'டைட்லிஸ்ட் மாற்றம், செய்தவர் தெரியவில்லை' என்றே போட்டோம். பலபுஷ்கா என்ற சொல் எங்கேயும் வரலை.

விலைக்கு வருவோம். விற்பனைக்குப் போட்டிருக்கிற விலைகளைப் பார்க்காதீங்க. அது கேட்கிறவனின் ஆசை. தளங்களில் 'விற்றுமுடிந்தவை' என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கும், அதைப் பாருங்க. நான் அதே வகை க்யூ ஒரு டஜன் எடுத்து எழுதி வச்சேன். ஒவ்வொன்றிலும் எத்தனை ஷாஃப்ட் இருந்தது, நேராக இருந்ததா, மேல்பூச்சு பழசா புதுசா என்று பக்கத்திலேயே குறிச்சேன். அப்பத்தான் ஒன்று ஏன் 400-க்கும் இன்னொன்று ஏன் 1,000-க்கும் போனதுன்னு புரியுது.

மேல்பூச்சைத் தொடவே தொடாதீங்க. மகன் பாலிஷ் போட்டுத் தர்றேன்னு வந்தார், தடுத்துட்டோம். மஞ்சள் பாய்ந்த பழைய பூச்சு, தேய்ந்த பிரன்ஸ்விக் முத்திரை, இதெல்லாம் சேகரிக்கிறவனுக்கு நகை மாதிரி. உப்புத்தாள் பட்டால் போனது போனதுதான். ஈரமில்லாத மெல்லிய துணியால் ஒரு துடைப்பு போதும்.

நேராக இருக்கான்னு பார்க்க ரெண்டு துண்டையும் தனித்தனியா டேபிளில் உருட்டுங்க, பிறகு சேர்த்து உருட்டுங்க. அடியில் தெரியும் வெளிச்சக் கோடு ஏறி இறங்கினால் வளைவு இருக்கு. எங்களுடையதில் ஷாஃப்ட் லேசா ஆடியது. அதை வீடியோ எடுத்தே போட்டோம். எடை, நீளம், ஷாஃப்ட் நுனியின் விட்டம் எல்லாத்தையும் அளந்து எழுதினோம். ஜன்னல் வெளிச்சத்தில் முப்பது படம். கீறல்களுக்குத் தனிப்படம்.

இப்ப முக்கியமான ஒன்று, தந்தம். பழைய க்யூக்களில் ஷாஃப்ட் நுனியில் வரும் வெள்ளைக் குப்பி, ஜாயிண்ட், அடிமூடி இதெல்லாம் யானைத் தந்தமாக இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் தந்தம் விற்பதை 2016 ஜூலையில் கிட்டத்தட்ட முழுசா தடை செய்துட்டாங்க. நியூஜெர்சி 2014-லேயே தன் எல்லைக்குள் தடை போட்டாச்சு. ஈபே 2009 முதலே அனுமதிப்பதில்லை. எங்களிடம் ரெண்டு ஷாஃப்ட் இருந்தது. ஒன்றில் பிளாஸ்டிக், இன்னொன்றில் மெல்லிய ரேகை ஓடியது. பழுதுக்காரர் பார்த்துட்டு தந்தம்தான் என்றார். அந்த ஷாஃப்ட்டை விற்பனையிலிருந்து எடுத்துட்டோம். ரெண்டாவது ஷாஃப்ட் இல்லாததால் விலை குறையும்னு அந்தம்மாகிட்ட முதலிலேயே சொல்லிட்டேன். "அது வீட்டிலேயே இருக்கட்டும்" என்றாங்க.

ஜப்பானிலிருந்து ஒருத்தர் நல்ல விலை சொன்னார். அனுப்பலை. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சர்வதேச ஒப்பந்தத்தில் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கு. எங்க க்யூவில் இருந்தது அந்த மரம் இல்லைன்னு எங்களால் நிரூபிக்க முடியாது. சுங்கத்தில் பிடிச்சு வச்சால் பொருளும் போகும், பணமும் போகும்.

ஏலத்தில் விடாமல் 950 டாலர்னு நிலையான விலை போட்டு, பேரத்துக்கு இடம் வச்சோம். பேர் தெரியாத க்யூவுக்கு ஏலத்தில் ரெண்டு பேர் மோதணும், அந்த வாரம் பார்த்து ஒருத்தரும் வராமல் போகலாம். முதல் நாளே ஒருத்தர் 300 கேட்டார். இன்னொருத்தர் கேட்டதுக்கு மேலேயே காசோலை அனுப்புறேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கன்னார். அது பழைய மோசடி, பதிலே போடாதீங்க. பதினேழாம் நாள் ஒஹையோவிலிருந்து டைட்லிஸ்ட் மட்டுமே சேகரிக்கும் ஒருவர் ஜாயிண்ட் படம் இன்னும் நாலு கேட்டார். பார்த்துட்டு 875-க்கு முடிச்சார். தளத்தின் கட்டணம், தபால், காப்பீடு போக அந்தம்மா கைக்கு 730 டாலருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. கூரைக்கு அது முழுசாப் போதாது. ஆனா கடைக்காரர் சொன்னதைப்போல ஏறக்குறைய மூணு மடங்கு.

அனுப்பும்போது ரெண்டு துண்டையும் தனித்தனியா சுத்தி, திருகுக்கு மூடி போட்டு, தண்ணிக்குழாய்க்கு வாங்குற பிவிசி பைப்பில் வச்சு ரெண்டு பக்கமும் அடைச்சேன். அட்டைக்குழாய் வேண்டாம், அது லாரியில் நசுங்கும். கட்டுவதை முழுசா வீடியோ எடுத்தேன். கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கணும்னு தபாலில் பதிவு பண்ணினேன். திங்கட்கிழமை அனுப்பினால் வாரக்கடைசியில் கிடங்கில் குளிரிலோ வெயிலிலோ கிடக்காது.

உங்ககிட்ட பழைய க்யூ இருந்தால் ஜாயிண்ட், வளையம், அடிமூடி மூன்றையும் கிட்டத்தில் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பழைய கேரம் போர்டுகள் பற்றிப் பேசலாம்.