குடியிருப்போரை வெளியேற்றலும் சட்டமும்



நாட்றாம்பாளையத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பிறந்த நம் பிள்ளைகள் பிழைப்பு நாடி ஓசூர் சென்று வாடகை அறைகளில் குடியிருக்கின்றனர். சாதி தெரிந்ததும், "நாளையே காலி செய்" என்னும் சொல் பிறக்கிறது. நம்மில் பலர் மறுசொல் பேசாது மூட்டை கட்டிவிடுகிறோம். அச்சொல்லுக்குச் சட்டத்தில் இடமுண்டா என்பதை ஆராய்வோம்.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2017-இல் இயற்றப்பட்ட சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழக நகரப் பகுதிகளில் நடைமுறையில் உள்ளது. இதன்படி வீட்டுக்காரர் தாமாகவே எவரையும் வெளியேற்ற இயலாது. வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்து, சட்டம் கூறும் காரணத்தை மெய்ப்பித்து, ஆணை பெற்றாக வேண்டும். இரு மாத வாடகை பாக்கி, இசைவின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துதல், உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியன அக்காரணங்களுட் சில. பாக்கி கேட்டு அறிவிப்பு வந்தால், ஒரு மாதத்திற்குள் வட்டியுடன் முழுதும் செலுத்துவோர்க்குப் பாதுகாப்பு உண்டு. ஆணை பாதகமாயின் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி நெருக்குவதையும் இச்சட்டம் தடை செய்கிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை! எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாமையும் வெளியேற்றத்திற்கு ஒரு காரணமாக வைக்கப்பட்டுள்ளது. ஆகவே வாய்ப்பேச்சை நம்பியிருத்தல் ஆகாது.

இச்சட்டம் எட்டாத ஊர்ப்புறங்களில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் செல்லும். மாத வாடகையாயின் 15 நாள் அறிவிப்புத் தந்து, பின்னர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடுதலே முறை. எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் குடியிருப்போர்க்குக் கர்நாடகச் சட்டமே பொருந்தும்.

இவற்றுள் எதிலும் சாதி ஒரு காரணமாக இல்லை. மாறாக, பட்டியல் வகுப்பினரை அவ்வகுப்பினரல்லாதார் குடியிருப்பை விட்டு வெளியேறக் கட்டாயப்படுத்துதல், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எதுவாயினும் நமக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. கிருஷ்ணகிரியிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்னும் எண்ணிலும் பேசலாம்.

இளைஞர்களே! ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். வாடகையை நாள் தவறாது செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். படிக்காமல் எதிலும் கையொப்பமிடாதீர்கள். நாம் பெற்ற கல்வி இதற்கேனும் பயன்படட்டும். முறைப்படி வரும் ஆணைக்குப் பணிவோம். முறையற்ற அதட்டலுக்குப் பணியோம்.