பறவைப் படமும் பாட்டின் எல்லையும்

(வடபழனியில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பற்றிப் பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பறவைகளை ஒளிப்படம் எடுப்போரைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். விஜயா வாகினி, ஏ.வி.எம். ஆகிய படப்பிடிப்பு நிலையங்களால் பெயர் பெற்ற இந்த வடபழனியில், படச்சட்டம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்னும் கேள்வி கேமராக்காரருக்கும் கவிஞருக்கும் பொதுவானது.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி இரண்டு படங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். இரண்டும் ஒரே படந்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நின்ற பூநாரை. ஒன்றில் பறவையும் நீரும் மட்டுமே இருந்தன; ஓரங்கள் கத்தரிக்கப்பட்டிருந்தன. மற்றொன்றில் அதே பறவை சிறிதாக நிற்க, அதன் பின்னே அடுக்குமாடிக் கட்டடங்களும் மின்கம்பிகளும், கரையோரம் குப்பையும் தெரிந்தன. “போட்டிக்கு எதை அனுப்பட்டும் அம்மா?” என்று கேட்டாள். முதற்படத்தை என்றேன், சற்றும் தயங்காமல். அந்த விடை சரிதானா என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கேள்வி.

இக்கலையின் இலக்கணத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறவையின் கண் தெளிவாக விழவேண்டும். கண் மங்கினால் மற்றவை எவ்வளவு தெளிவாயிருந்தும் பயனில்லை. பறவை நோக்கும் திசையில் வெற்றிடம் விடவேண்டும்; பறக்கும் பறவையாயின் அது செல்லும் திசையில் விடவேண்டும். அவ்விடம் இல்லையேல் பறவை சுவரில் முட்டி நிற்பதுபோல் தோன்றும். சிறகின் நுனியையோ விரலையோ சிறிதளவு வெட்டினால் அது பிழையாகத் தெரியும். வெட்டுவதென்றால் தலையும் கழுத்தும் மட்டுமே இருக்கும்படி துணிந்து வெட்டவேண்டும். யாப்பில் ஓரசை குறைந்தால் ஓசை இடறுகிறது. ஓரடியையே நீக்கினால் வேறொரு பாவாகிறது. அதுபோன்றதே இது.

படச்சுருள் இருந்த காலத்தில் 36 படங்களோடு சுருள் முடிந்துவிடும். ஆகவே எடுக்கும்போதே எல்லை வகுக்கவேண்டியிருந்தது. மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912-1996) அக்காலத்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் தாம் மறையும்வரை கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். வெவ்வேறு கருவிகளின் பகுதிகளை இணைத்துத் தாமே அமைத்த கேமராவுக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, அதைத் தோளில் சுமந்து காடுகளில் அலைந்தார். கறுப்பு வெள்ளையே அவருடைய ஊடகம். ஓர் உயிரைக் காட்டுவதென்பது அது வாழும் இடத்தையும் சேர்த்துக் காட்டுவதே என்பதை அவர் எழுத்தையும் படங்களையும் ஒருசேரப் பார்ப்போர் உணரலாம்.

இன்று நிலை வேறு. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, தொலைவிலுள்ள மரத்தில் அமர்ந்த நத்தைக்குத்தி நாரையை எடுத்து, வீட்டுக்கு வந்து கணிப்பொறியில் கத்தரித்துக்கொள்ளலாம். ஆனால் இதிலும் கணக்கு உண்டு. 6000 புள்ளி அகலமும் 4000 புள்ளி உயரமும் உடைய படத்தில் 2.4 கோடிப் புள்ளிகள். அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி வெட்டினால் எஞ்சுவது கால்பங்கு, 60 இலட்சமே. கத்தரிக்கோல் பறவையை நம்மருகே கொண்டுவருவதில்லை; அதைச் சுற்றியிருந்த உலகை மட்டுமே குறைக்கிறது.

பன்னாட்டு ஒளிப்படக் கூட்டமைப்புகள் 2014இல் உடன்பட்ட இயற்கைப்பட வரையறை ஒன்று உண்டு. படத்திலுள்ள எதையும் சேர்க்கவோ, இடம் மாற்றவோ, அழிக்கவோ கூடாது. ஓரங்களைக் கத்தரிக்க மட்டும் அனுமதி உண்டு. நடுவிலிருக்கும் ஒரு குச்சியை நீக்கினால் பொய். ஓரத்திலிருக்கும் ஓர் ஊரையே நீக்கினாலும் பொய்யன்று!

வெட்டுவதில் கொடிய வகையும் ஒன்றுண்டு. கூடு நன்றாகத் தெரியவேண்டும் என்று சுற்றியுள்ள இலைகளையும் கிளைகளையும் நீக்குவார்கள். நிழலிழந்த குஞ்சு வெயிலில் வாடும். காக்கையின் கண்ணில் படும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதையும் ‘வேட்டை’ என்னும் சொல்லிலேயே அடக்குகிறது. அழகுக்காக வெட்டிய கிளைக்கும் எய்த அம்புக்கும் சட்டத்தின் கண்ணில் பெயர் ஒன்றே.

இனி என் விடைக்கு வருகிறேன். மாணவிக்கு அவ்வாறு சொன்ன மறுநாள் வகுப்பில் குறுந்தொகையின் 25ஆம் பாட்டை நடத்த நேர்ந்தது. கபிலர் பாடியது. தலைவன் தன்னைக் கூடிய நாளில் வேறு யாரும் அங்கில்லை என்கிறாள் தலைவி. அவன் பொய்த்தால் என் செய்வேன் என்று அஞ்சுகிறாள். ஆனால் ஒரு குருகு மட்டும் இருந்ததாம். ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி, தினைத் தட்டை போன்ற மெல்லிய கால்களோடு நின்றதாம்.

பலமுறை நடத்திய பாட்டுத்தான். அன்று சொல் எழாமல் நின்றேன். காதலர் இருவரே பொருளென்றால் அக்குருகு ஓரத்தில் கிடப்பது, கத்தரித்துவிடலாம். கத்தரித்தால் எஞ்சுவது ஒரு புலம்பல் மட்டுமே. தன் இரையின்மேல் கண்வைத்த, வாய்திறந்து சொல்லமுடியாத சாட்சி அங்கிருப்பதனால் அல்லவா அவளுடைய துணையின்மை நமக்கு விளங்குகிறது! கபிலர் ஓரத்தை வெட்டவில்லை.

சத்திமுற்றப் புலவரும் அப்படியே. செங்கால் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டு, மிக அருகில் நின்று காட்டுகிறார். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. நனைந்த சுவரும், பல்லியின் குரலுக்குச் செவிசாய்த்துக் காத்திருக்கும் மனைவியும், குளிரில் உடல்குறுகிய தம் வறுமையும் தெரியும்வரை எல்லையை விரிக்கிறார்.

பள்ளிக்கரணையில் 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. முன்பு இருந்த பரப்பில் அது ஒரு பகுதியே. கத்தரித்த படத்தைப் பார்ப்பவர் பூநாரை நலமாக இருக்கிறது என்று எண்ணி அமைதியடைவார். முழுப்படத்தில் கட்டடங்களும் குப்பையும் அல்லவா சாட்சிகள்! அவற்றை வெளியேற்று என்று சொன்னவள் தமிழ் கற்பிக்கும் நான்.

மாணவியை அழைத்து என் விடையைத் திருத்திக்கொண்டேன். அவளோ அதற்குள் முதற்படத்தை அனுப்பிவிட்டிருந்தாள். பரிசும் பெற்றாள். அவள்மேல் குற்றமில்லை. முழுப்படத்தை என்னிடமே கொடுத்துவிட்டாள். அது என் மேசையில் இருக்கிறது.

கவிஞர்களே, சுருங்கச் சொல்லுதல் நம் மரபின் அழகு. வெட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பாட்டைச் செப்பம் செய்ய அமரும்போது, நீக்கப்போகும் அடியில் ஒரு குருகு நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வெட்டுங்கள் என்றே வேண்டுகிறேன். வட்டம் மேலும் பல பத்தாண்டுகள் காண வாழ்த்தி அமைகிறேன்.